சுவரைப் பார்த்திருந்த பீடம்

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் நல்ல பனி. வாசல் ஈரம், கோலப்பொடி பிடிக்கவில்லை. வீ.கா. இன்னும் படுக்கையில். (வீ.கா. = வீட்டுக்காரர். முழுசாக எழுதினால் மரியாதை கூடிப்போகும்.) சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடுகிற சிவாலய ஓட்டம் போய்வந்த களைப்பாம். பாதிக் கோயிலுக்குச் சிநேகிதனின் பைக்கில் போனது ஊருக்கே தெரியும். காலில் கொப்புளம் எப்படி வந்தது என்று கேட்டேன். "தார் ரோடு சுட்டுப்போட்டு" என்றார். பைக்கில் போனவருக்கு ரோடு எங்கே சுட்டது?

கொட்டாரத்தில் என் ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்தே கூட்டம். நாலைந்து பள்ளிக்கூடத்திலும் ஒரே பிராஜக்ட் கொடுத்திருக்கிறார்கள்: வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைகளும் தலைவர்களும். கும்பினியை எதிர்த்து நின்ற தளவாய் படம் அடித்து அடித்துக் கறுப்பு மை தீர்ந்தே போயிற்று. ஒரு பயல் வந்தான்.

"ஆன்ட்டி, வெள்ளைக்காரனுக்க படம் கலர்ல வேணும். நம்ம ஆளுக்க படம் பிளாக் அண்ட் ஒயிட் போதும்."

"ஏம்டே அப்படி?"

"அவன் சட்டை செவப்பு. நம்ம ஆளு சட்டையே போடல்லியே."

சரிதான். ரெண்டையும் கலரிலேயே அடித்துக் கொடுத்தேன்.

வாங்க: மை. ஏ4 பேப்பர். நல்லெண்ணெய். சந்தனம். கோயில் பீடத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சுருட்டு. ரொட்டி முந்தின நாள் வாங்கினால் போதும். அறுப்பு மிஷின்காரனுக்கு போன். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை குடும்பக் கோயில் கொடை விழா, ஆகவே இன்று முதல் வீட்டில் மீன் கிடையாது. வீ.கா. முகம் இப்போதே வாடிவிட்டது.

நாளை தாணு வருகிறான், மஸ்கட்டிலிருந்து. வீ.கா.வுக்கு ஒரே தம்பி.


பிப்ரவரி 17, செவ்வாய்

வெயில். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று தொடங்கிவிட்டது, கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டில்.

தாணு வந்தான். தலை முன்பக்கம் காலி. பெட்டியைப் பிரித்தான்: எனக்குத் தைலம், பேரீச்சம்பழம், ஒரு பெரிய டார்ச். ஒவ்வொரு தடவையும் டார்ச். அலமாரியில் ஒரு டார்ச் கடையே இருக்கிறது. "மைனி, புளிக்கறி வச்சிருக்கியளா?" வாசலிலேயே கேட்டுவிட்டான். நான் கல்யாணமாகி வந்தபோது அரை டிரவுசர். என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடித் தின்பான். இன்றும் திருடினான்.

சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பார்த்து வந்தான். போகும்போது பேசிக்கொண்டே போனான், வரும்போது பேச்சில்லை. ஏதோ மனதில் வைத்திருக்கிறான். இவன் சும்மா இருந்தால் ஊருக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.


பிப்ரவரி 18, புதன்

நினைத்தது சரி. சாயங்காலம் வீட்டில் கூட்டம். சித்தப்பாவும் வந்தார். வீ.கா.வுக்குச் சித்தப்பா, குடும்பத்தில் மூத்தவர், கோயில் பூசை அவர் கையில். நான் சாயா போட்டுக்கொண்டே கேட்டது.

தாணு சொன்னான்: "கோயில எடுத்துக் கட்டுவோம். டைல்ஸ், மேல ஷீட்டு, எல்லாம் என் பொறுப்பு. ஆனா துரைக்க பீடம் வேண்டாம். நம்மள அடிமையாக்க வந்தவனுக்கு நாம சுருட்டு கொளுத்திக் குடுக்கோம். ரூம்ல கூட இருக்கவன்மாரிட்ட சொன்னா சிரிக்கானுவ."

சித்தப்பா: "ஏலே, காலங்காலமா இருக்கப்பட்டது."

"காலங்காலமா தப்பு செஞ்சா சரியாயிருமா? ஐயம்பெருமாள் தாத்தா தளவாய்க்க படையில நின்னு சண்டை போட்டவரு. கும்பினிக்காரன் தூக்குல போட்டான். அவருக்கு ஒரு கொடி உண்டா, பலகை உண்டா? வெட்டுப்பட்ட வெள்ளைக்காரனும் அவரும் ஒண்ணுபோல பக்கத்துப் பக்கத்துல. ஒரே எலையில சாப்பாடு. இது நியாயமா?"

எனக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சாயாத் தட்டோடு உள்ளே போனேன். "அப்போ கொடைக்கு நான் துரைக்கு வைக்கிற தண்ணி?"

"துரையே இல்லன்னா தண்ணி என்னத்துக்கு மைனி? அதும் வேண்டாம்."

அப்பளம் திருடுகிற அதே முகம். கோபத்தில் சாயா கொஞ்சம் சிந்தியது. வீ.கா. வழக்கம்போல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "கொடை கழியட்டும், பொறவு பாப்போம்" என்றார். சரி, அந்த மட்டுக்கும் ஒரு வார்த்தை வந்ததே. கொடை கழியும் வரை ஒன்றும் நடக்காது என்று நம்பித்தான் தூங்கப் போகிறேன்.


பிப்ரவரி 19, வியாழன்

மழைக்கோள் இல்லை. வயலில் கும்பப்பூ நெல் சாய்ந்து கிடக்கிறது, மிஷின்காரன் நாளை நாளை என்கிறான்.

கடையில் ஓய்ந்த நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஏன் இவ்வளவு பொறுக்கவில்லை? துரை எனக்கு மாமனா மச்சானா?

வில்லுப்பாட்டில் வருகிற கதை இது. ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது. தளவாய்க்க ஆட்கள் சிதறினார்கள். ஐயம்பெருமாள் தாத்தா வாளோடு ஊருக்கு வந்தார். பின்னாலேயே ஒரு துரை வந்தான். எங்கள் தோப்பில் ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்று பொருதினார்கள். தாத்தா வெட்டினார், துரை விழுந்தான். பிறகு தாத்தாவைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். செத்த துரை அலைந்தான். வீட்டில் பிள்ளை தங்கவில்லை. பீடம் போட்டு ரெண்டு பேரையும் உட்கார வைத்த பிறகுதான் வம்சம் தழைத்தது.

கோயிலில் சுடலையும் இசக்கியும் நடுவில். வடக்கு ஓரத்தில் இந்த ரெண்டு பீடம். ஒரே உயரம், ஒரே சுண்ணாம்பு. சிலை கிடையாது. விளக்கு வைக்க ஒரு மாடக்குழி, அதுதான் முகம் என்று கணக்கு. ஒருவர் முகம் எல்லாச் சாமியையும் போலக் கிழக்கே. இன்னொருவர் திரும்பி, மதில்சுவரைப் பார்த்து. நடுவில் ஒரே இலை, பாதிச் சோறு, பாதி ரொட்டி.

பீடங்களைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்கு உள்ளே பெண்கள் போகக்கூடாது. மத்தியானம் உச்சிக்கொடைக்கு ஒரே ஒரு தடவை மட்டும் போகலாம். பனையோலைப் பட்டையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இந்த வீட்டு மூத்த மருமகள் போக வேண்டும். அவள் உள்ளே போனதும் ஆண்கள் அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். மேளம் நிற்கும். தண்ணீர் வைத்துவிட்டு வெளியே வந்தால்தான் மறுபடி கொட்டு. மாமியார் இறந்த வருஷத்திலிருந்து நான்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கும். சித்தப்பா முதல் எல்லா மீசையும் வாயை மூடிக்கொண்டு எனக்காகக் காத்து நிற்கும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் நான்தான் காத்து நிற்கிறேன். அது ஒன்று. இன்னொன்று, தாகத்தோடு செத்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன? இதை நிறுத்த இவன் யார்?

பட்டைக்கு இளம் ஓலை வேண்டும். அஞ்சுகிராமத்தில் அம்மா வீட்டுப் பக்கம்தான் நல்ல பனை. சனிக்கிழமை போக வேண்டும்.


பிப்ரவரி 21, சனி

அஞ்சுகிராமத்துக்கு முதல் பஸ். அண்ணன் ஓலை வெட்டி வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி கருப்பட்டிக் காப்பி தந்தாள். தலையில் ஓலைக்கட்டோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "எக்கா, வீடு மேயப் போகியளா?" என்று கேட்டான். அவன் வயசுக்கு அவன் ஓலை வீட்டைப் பார்த்திருக்கவே மாட்டான்.

பஸ்ஸிலேயே போன் டிங் டிங் என்றது. குடும்ப குரூப். தாணு போட்ட படம். கையில் கடப்பாரை, பக்கத்தில் வில்சன் மேஸ்திரி, கீழே சுண்ணாம்பும் செங்கலும். எழுதியிருக்கிறான்: "இன்று நம் கோயிலில் இருந்து அடிமைச் சின்னம் அகற்றப்பட்டது." எல்லாரும் கை தட்டுகிற பொம்மை. சித்தப்பா மகன் கொடி பொம்மை. வீ.கா. கட்டைவிரல். அட மனுஷா!

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். ஓலைக்கட்டு மடியிலிருந்து சரிந்து முன் சீட்டுக்காரர் கழுத்தில் விழுந்தது. அவர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை.

கிழக்கே பார்த்த பீடம் அப்படியே இருக்கிறது. மாலை வேறு போட்டிருக்கிறார்கள். சுவரைப் பார்த்த பீடத்தைத்தான் காணோம்.

சுவரைப் பார்த்து இருந்தவர் துரை இல்லை. அவர்தான் ஐயம்பெருமாள் தாத்தா.


பிப்ரவரி 22, ஞாயிறு

கடை லீவு. வெயில். வீ.கா.விடம் பேசவில்லை. அவராகவே, "அவன் நேத்துக் காலம்பற மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து நிக்கான், நான் என்ன செய்ய முடியும்?" என்றார். தடுத்திருக்க முடியும். கட்டைவிரலையாவது காட்டாமல் இருந்திருக்க முடியும்.

"எது துரைக்க பீடம்னு யாரு காட்டினா?"

"அது தெரியாதாக்கும்? திரும்பி இருக்கது. வேண்டாதவன், அதான் திருப்பி வச்சிருக்கு."

சின்ன வயதிலிருந்து இவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். சித்தப்பா கூட! பூசை செய்கிற மனுஷர். ரெண்டுக்கும் ஒரே இலை, ஒரே மாலை, ஒரே மந்திரம். தண்ணீர் ஒன்றுதான் ஆள் பார்த்து வைப்பது. அந்த நேரத்தில் இவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு எப்படித் தெரியும்? இவர்களுக்குத் தெரியாது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மாமியார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், பட்டை மடிக்கச் சொல்லித் தந்த அன்று. அடுப்படியில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல்.

பொருதவெல்லாம் இல்லையாம். துரை வயிற்றில் காயத்தோடு தோப்புக்குள் வந்து விழுந்திருக்கிறான். வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறான். தாத்தாவுக்க பெண்டாட்டிக்கு மனசு கேட்கவில்லை. பட்டையில் தண்ணீர் கொண்டு கொடுத்தாள். அவன் ரெண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது தாத்தா பின்னால் வந்து வெட்டினார். பாதித் தண்ணீர் பட்டையில். அந்தப் பெண்தான் பிறகு ரெண்டு பீடமும் போடச் சொன்னாளாம். "குடிச்சவனக் கெழக்கே பாத்து வையுங்க. வெட்டினவருக்கு அவன் மொகத்தப் பாக்க ஏலாது, அவர சொவத்தப் பாத்து வையுங்க" என்று.

ஆண்கள் திரும்பி நிற்பது இதற்குத்தான், அவன் பயப்படாமல் குடிக்க. தண்ணீர் வைக்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தையும் அன்றுதான் சொல்லித் தந்தார். "ஆரும் வரல்ல, குடியும்." அவ்வளவுதான் மந்திரம்.


பிப்ரவரி 24, செவ்வாய்

மிஷின் வந்தது. கிழக்கு வயல் முடிந்தது, மேற்கு வயலில் சக்கரம் புதைந்து நிற்கிறது. வைக்கோல் தூசியில் தும்மல். மூக்கு சிவந்து நானே துரை மாதிரி இருக்கிறேன்.

தாணு கடைக்கு வந்தான். பென் டிரைவில் ஒரு பலகைக்கு எழுத்து. "வெள்ளையனை எதிர்த்து வீரமரணம் அடைந்த எங்கள் பாட்டனார்." மேலே கொடி, கீழே வாள். "மைனி, நீங்களே பிரிண்டு போட்டுத் தாருங்கோ. கொடி வரைஞ்ச டைல்சும் வந்தாச்சு. வில்சன் இன்னைக்கு ஒட்டீருவான்."

எங்கே ஒட்டுவான்? துரை நெற்றியில்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மல் மாதிரி சமாளித்தேன். சிவப்புச் சட்டைக்காரன் சுதந்திரப் போராட்ட வீரராக மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் நிற்கிறவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மெஷின் ரிப்பேர், நாளைக்கு வா என்று பொய் சொல்லி அனுப்பினேன். பின்னாலேயே ஒரு பெண் வந்து ஆதார் கார்டு காப்பி எடுத்துப் போனாள். அவன் திரும்பிப் பார்த்திருந்தால் என் கதி?

யோசனை:

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாணு சந்தோஷமாக மஸ்கட் போவான். துரைக்கு மாலையும் கொடியும். தண்ணீர் மட்டும் கிடையாது. தாத்தா இருந்த இடம் தரை.

சொன்னால், சொந்தப் பாட்டனைக் கடப்பாரையால் இடித்தவன் என்று ஆயுசுக்கும் பெயர். படம் வேறு எடுத்துப் போட்டிருக்கிறான், எல்லோர் போனிலும் கிடக்கிறது. அது மட்டுமா? அந்தப் பாட்டன் தண்ணீர் குடிக்கிறவனை வெட்டினவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை தாங்குவானா?

நான் தூக்கி வளர்த்தவன். அப்படி என்றால் நான்தானே சொல்ல வேண்டும்.


பிப்ரவரி 26, வியாழன்

காற்று அடங்கவில்லை. பந்தல் துணி பாய்மரம் மாதிரி. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு. ரொட்டியைப் பார்த்ததும் தாணு, "அதான் வேண்டாம்னு சொன்னேன்லா?" என்றான். பந்தல்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கிணற்றுக் கட்டில் உட்காரச் சொன்னேன்.

"தாணு, நீ இடிச்சது துரைய இல்ல."

சிரித்தான். "பின்ன யாரை?"

"ஐயம்பெருமாள் தாத்தாவை."

"சும்மா இரிங்க மைனி. திரும்பி இருந்தது துரைல்லா?"

"வருஷா வருஷம் தண்ணி வைக்கும்போ நீ எங்க பாத்து நிப்பே?"

"ரோட்டப் பாத்து."

"அப்போ நான் எங்க பாத்து நிப்பேன்?"

பீடத்தைப் பார்த்தான். நெற்றியில் கொடி டைல்ஸ், பளபளவென்று. என்னைப் பார்த்தான். மறுபடி பீடத்தை.

"கெழக்கே பாத்து இருக்கவருக்க முன்னாலதான் நான் தண்ணி வைப்பேன். உங்க அம்மையும் அங்கதான் வச்சாவ. அது துரை."

மீதியையும் சொன்னேன். மாமியார் சொன்ன மாதிரியே, தலை நிமிராமல். பட்டை, ரெண்டு கை, பாதித் தண்ணீர். சொல்லி முடிக்கிற வரை அவன் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ வீரன் இல்லியா?"

"வீரன்தான், யாரு இல்லன்னா? தளவாய்க்குப் பின்னால போனாரு. தூக்குக்குப் பயப்படாம நின்னாரு. தண்ணி குடிக்கிறவன வெட்டினதும் அவருதான். எல்லாம் ஒரே ஆளுதான் மக்கா."

"நீங்க ஏன் முன்னமே சொல்லல்ல?"

"துரைய இடிக்கணும்னு நீ சொன்னே. துரை எதுன்னு ஒருத்தரும் என்கிட்ட கேக்கல்லியே."

அழுதான். அறுபது பேருக்கு சூப்பர்வைசர், தலை வழுக்கை விழுந்தவன், மூக்கை உறிஞ்சி அழுகிறான். எனக்கும் வந்துவிட்டது. ரொட்டிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பந்தல்காரன் வந்து, "எக்கா, துஷ்டி எதாவதா? ஆரும் செத்துப்போனாவளா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, தூசி என்றேன்.

எழுந்து போகும்போது, "மைனி, பட்டை மடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டான்.

மடித்தாயிற்று.


பிப்ரவரி 27, வெள்ளி. கொடை

எழுதக் கை ஓடவில்லை. சுருக்கமாக.

காலை. நான் பொங்கல் பானையோடு போகும்போதே தாணு அங்கே. டைல்ஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறான். விரல் முட்டியில் ரத்தம். டைல்ஸை ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்தான், கொடி இருக்கிறதல்லவா. எல்லோரும் கூடினதும் நடுவில் நின்று சொன்னான்:

"நான் தப்பு செஞ்சிட்டேன். இடிச்சது துரைக்க பீடம் இல்ல. நம்ம தாத்தாக்க பீடம்."

ஒரே அமளி. "எவன் சொன்னான்?" "நாசமாப் போச்சு!" "குடும்பத்துக்கு ஆகுமாலே?" சித்தப்பா நெஞ்சில் கையை வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் இத்தனை வருஷம் ஆள் மாறிப் பூசை செய்திருக்கிறாரே. வீ.கா. என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். வெட்டின கதையைத் தாணு சொல்லவில்லை. அது அவனோடு இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பாவே எழுந்தார். "சவம், இடிச்சது இடிச்சாச்சு. கும்பிடுகவன் மனசறிஞ்சா செய்தான்? ஒரு செங்கல் எடுத்துட்டு வா." இடிந்ததிலேயே முழுசாக இருந்த ஒரு செங்கலைத் தாணு தேடி எடுத்தான். கழுவி, சந்தனம் பூசி, பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

"எந்தப் பக்கம் பாத்து வைக்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"செங்கலுக்கு ஏதுவே மொகம்?" என்றார் சித்தப்பா.

இலை போட்டார்கள். பாதிச் சோறு. மீதி இடம் காலி. தாணுவே ரொட்டியைப் பிரித்து வைத்தான். சுருட்டையும் அவனே கொளுத்தினான், இருமிக்கொண்டே.

வில்லுப்பாட்டில் நேருக்கு நேர் பொருதுகிற கட்டம் வந்தது. குடமும் உடுக்கும் எகிறுகிறது, எல்லோரும் குரவை. தாணு மட்டும் தலையைக் குனிந்து நின்றான். பாட்டு அதன்பாட்டில் போயிற்று.

உச்சி. மேளம் நின்றது. பட்டையை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். பின்னால் செருப்பில்லாத கால்கள் திரும்புகிற சத்தம். சரசரவென்று, ஒன்றாக. ஒரு சத்தம் மட்டும் கடைசியாகக் கேட்டது. தெரிந்துகொண்டு திரும்புகிறவனுக்கு நேரமாகும்.

வைத்தேன். "ஆரும் வரல்ல, குடியும்."

இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.


மார்ச் 1, ஞாயிறு

மேகமூட்டம், ஆனால் பெய்யவில்லை. மேற்கு வயலும் முடிந்தது. வீ.கா. காலையிலேயே சந்தைக்குப் போய் நெத்திலி வாங்கி வந்து, அவரே ஆய்ந்தும் தந்தார். கட்டைவிரலுக்குப் பரிகாரம் போலும். குரூப்பில் அந்தப் படத்தைத் தாணு அழித்துவிட்டான்.

பத்து மணிக்கு வில்சன் மேஸ்திரி வந்தார், மார்த்தாண்டத்திலிருந்து, சிமென்டும் மணலும் ஏற்றிக்கொண்டு. தாத்தாவுக்குப் புதுப் பீடம். சித்தப்பா, தாணு, வீ.கா. மூன்று பேரும் கை கட்டி நிற்கிறார்கள். நான் சாயாத் தூக்கோடு கயிறு கட்டின இடத்துக்கு வெளியே.

வில்சன்: "பொறவு நம்மளக் குத்தம் சொல்லக்கூடாது, கேட்டுதா. மாடக்குழி எந்தப் பக்கம்? பழைய மாதிரி செவுத்தப் பாத்தா?"

சித்தப்பா வாயைத் திறந்தார். தாணு முந்திக்கொண்டான். "இல்ல மேஸ்திரி. துரைக்கு நேரா வையுங்க. சொவத்தப் பாத்து இருந்தது போதும்."

சித்தப்பா ஏன் என்று கேட்கவில்லை. கொடையன்று தண்ணீர் வைக்கும்போது நான் சொன்னது காதில் விழுந்திருக்கும், மனுஷர் யோசித்திருப்பார்.

வில்சன் டேப்பை நீட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "நேருக்கு நேரு வச்சா எடவெளி குறையும். எலை போடணும். தண்ணி வைக்கப்பட்ட ஆளுக்கு நடுவுல நிக்க எடம் வேண்டாமா? எவ்வளவு விடணும்?"

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தாணு வந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

"மைனி, உள்ள வந்து நில்லுங்க. பட்டை கையில இருக்க மாதிரி நில்லுங்க, அளவெடுக்கட்டும்."

சாயாத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றேன்.